மூட்டை வாசலைத் தாண்டட்டும்: வீட்டில் சேர்ந்த சாமான்களைக் கழிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு நடையில் மூன்று சாக்கு மூட்டைகள் எட்டு மாதம் கிடந்தன. ஒரு விடுமுறை நாளில் ஆவேசம் வந்ததுபோல் எல்லா அலமாரிகளையும் கவிழ்த்து, வேண்டாததைப் பிரித்து, மூட்டை கட்டி, அடுத்த வாரம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சுவரோரம் சாய்த்துவைத்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. முதல் மாதம் மூட்டைகளைச் சுற்றி நடந்தோம். மூன்றாவது மாதம் அவற்றின்மேல் குடை, ஹெல்மெட், தபால் எல்லாம் வைக்க ஆரம்பித்தோம். ஒரு நாள் டார்ச்சைத் தேடி ஒரு மூட்டையை அவிழ்த்தேன். டார்ச் கிடைத்தது. கூடவே இரண்டு சட்டையும் ஒரு பிளாஸ்டிக் கூடையும் வீட்டுக்குள் திரும்பிவிட்டன. எட்டாவது மாதம் பார்த்தால் மூட்டைகளில் பாதிதான் மிச்சம். மீதியெல்லாம் கால் முளைத்ததுபோல் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தன.

பிரிப்பதில் நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை. சாமான் வெளியே போகிற வழியைத்தான் யோசிக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறேன் என்று கிளம்புகிற பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் இந்த வழிகாட்டியைப் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். எதையும் தொடுவதற்கு முன்னால், அது எங்கே போகப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் போகிற வழி

ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டிலிருந்து பொருள்கள் வெளியேற எத்தனை வழி இருக்கிறது என்று எழுதுங்கள். துணி வாங்கிக்கொள்ளும் இடம் எது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும்? பழைய பேப்பரும் இரும்பும் எடுப்பவர் வீட்டுக்கு வருவாரா, நாம் கொண்டுபோக வேண்டுமா? மின்னணுக் கழிவை யார் வாங்குகிறார்கள்? பெரிய கட்டில், மெத்தை போன்றவற்றுக்கு உள்ளாட்சி ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கிறதா? நூலகமோ பள்ளியோ புத்தகம் வாங்கிக்கொள்ளுமா? நான்கைந்து போன் செய்தால் விவரம் தெரிந்துவிடும். அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் அலமாரியைத் திறந்தால் உங்களுக்கும் மூன்று மூட்டைதான்.

அப்புறம் ஒரு தேதி குறியுங்கள். பிரிக்கிற நாளிலிருந்து 3 நாளுக்குள் சாமான் வெளியேற வேண்டும். வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஆள் வருகிறார் என்று தெரிந்தால் கை தானாக வேகமாக ஓடும்.

விற்கலாமே என்று தோன்றும். என் அனுபவத்தில், புதிதாக ஆரம்பிப்பவர்கள் விற்பனையை மூன்று நான்கு பொருளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. படம் எடுத்து, விவரம் எழுதி, "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் சொல்லி, வருகிறேன் என்றவருக்காகக் காத்திருந்து முடிப்பதற்குள், காலி செய்கிற உற்சாகமே வடிந்துவிடும். நல்ல நிலையில் உள்ள சைக்கிள், கேமரா, மேசை போன்றவற்றை விற்கப் பாருங்கள். 2 வாரத்தில் போகாவிட்டால் சும்மா கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கட்டத்தில் புதிய டப்பாக்கள், கூடைகள், அடுக்குப் பெட்டிகள் எதுவும் வாங்க வேண்டாம். அழகான பெட்டி கைக்கு வந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும். எல்லாம் முடிந்து எது மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். பெரும்பாலும் அப்போது பெட்டியே தேவைப்படாது.

முதல் நாள்: ஒரே ஒரு டிராயர்

முழு வீட்டையும் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். சாயங்காலம் 5 மணிக்குக் கட்டில் மேல் மலை போல் துணி கிடக்கும், படுக்க இடம் இருக்காது, வீட்டில் சண்டை வரும். ஒரு டிராயரில் ஆரம்பியுங்கள். எல்லா வீட்டிலும் ஒரு டிராயர் இருக்கும். அதற்குப் பெயர் கிடையாது. வேறெங்கும் இடமில்லாதது எல்லாம் அதில்தான் இருக்கும்.

எங்கள் வீட்டு டிராயரைச் சொல்கிறேன். முழுதாக வெளியே இழுத்து ஒரு பழைய போர்வையில் கவிழ்த்தேன். எழுதாத பேனா பதினொன்று, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஆறு, கண்ணாடி போன மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று, முறுகிப்போன ரப்பர் பேண்டுகள், ஏதோ ஓர் உறவினர் திருமணத்துக்கு வாங்கிக் கொடுக்காமலேயே விட்ட வாழ்த்து அட்டை, காலாவதியான அடையாள அட்டை, உப்புப் பூத்த பேட்டரிகள். எழுதும் பேனாவும் எழுதாத பேனாவும் ஒன்றாகக் கிடந்ததால், ஒவ்வொரு முறையும் நாலு பேனாவைக் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு போன் நம்பரைக் குறித்திருக்கிறோம். பல வருடமாக.

செய்யும் முறை இதுதான். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். உள்ளேயே வைத்துக்கொண்டு வேண்டாததைப் பொறுக்குவது வேறு வேலை, அது கவைக்கு உதவாது. காலி டிராயரைத் துடையுங்கள். அப்புறம் திரும்ப உள்ளே போக வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். எதைக் கழிக்கலாம் என்று தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். எது வேண்டும் என்று தேடினால் கை தானாகச் சிலவற்றைத் தாண்டிப்போகும். வெளியே மிஞ்சியதை நேராகப் போக வேண்டிய பைகளில் போடுங்கள்: குப்பை, கொடுக்க, மறுசுழற்சி. முடிவெடுக்க முடியாததற்கு ஒரு பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஒரே ஒரு சின்னப் பை. கட்டி, மேலே 3 மாதம் தள்ளி ஒரு தேதி எழுதுங்கள். அந்தத் தேதி வரை பிரிக்காமல் இருந்துவிட்டால் பிரிக்காமலே கொடுத்துவிடலாம்.

அரை மணியில் டிராயர் முடிந்துவிடும். அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மறுநாள் அடுத்த டிராயர். எளிதில் இருந்து கடினத்துக்குப் போக வேண்டும்: குளியலறை, சமையலறை, துணி, மின்சாதனங்கள், காகிதம், புத்தகம், கடைசியாக நினைவுப் பொருள்கள். போட்டோ ஆல்பத்தில் ஆரம்பித்தவர் யாரும் அன்று வேறு வேலை செய்ததாகச் சரித்திரமே இல்லை.

"எதற்காவது உதவும்"

கையில் எடுத்ததும் மனம் ஒரு வக்கீலைப் போல் வாதாடத் தொடங்கும். நல்ல விலை கொடுத்து வாங்கியது, உடம்பு இளைத்தால் போடலாம், யாரோ ஆசையாகக் கொடுத்தது, எதற்காவது உதவும். கடைசி வாதம்தான் மிகவும் பலமானது, ஏனென்றால் அதைப் பொய் என்று நிரூபிக்கவே முடியாது.

கையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்கு ஏறிவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காபிக் கோப்பையை வைத்துக் காட்டியது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, என்ன விலை என்றால் விற்பீர்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம், என்ன விலை என்றால் வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பத்து வருடம் பரணில் இருந்த பொருளுக்கு நம் மனம் என்ன விலை போடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைத் தாண்டுவதற்குக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். இது என்னிடம் இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்றைக்குக் கடைக்குப் போய் இதை வாங்குவேனா? வாங்கமாட்டேன் என்றால் போகலாம். வேண்டியபோது சுலபமாக மறுபடி வாங்கவோ கடன் கேட்கவோ முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும் என்றால் அதுவும் போகலாம். விலையைப் பற்றிய வருத்தத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. பணம் வாங்கிய அன்றே போய்விட்டது, இப்போது இடமும் போய்க்கொண்டிருக்கிறது.

பரிசாக வந்ததைக் கழிக்கச் சங்கடமாக இருக்கும். கொடுத்தவருடைய அன்பு கொடுத்த அன்றே வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் அந்தப் பூ ஜாடியை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று அவர் வந்து சோதனை போடப்போவதில்லை. நீங்கள் கொடுத்த பரிசுகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

குளியலறை, சமையலறை

இவை இரண்டும் சீக்கிரம் முடியும். அழகுசாதனப் புட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். மூடி திறந்த ஒரு டப்பாவின் சின்னப் படமும் அதற்குள் 6எம், 12எம் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் பல புட்டிகளில் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதற்கு ஆயுள். எப்போது திறந்தோம் என்று ஞாபகம் இல்லாவிட்டாலே பதில் தெரிந்துவிட்டது.

மருந்துகளில் தேதி முடிந்தவை, பாதியில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக், அட்டை இல்லாமல் தனியாகக் கிடக்கும் மாத்திரைகள் மூன்றும் போக வேண்டும். திருப்பி வாங்கும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் மாத்திரைகளை மண் போன்ற எதிலாவது கலந்து, பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடலாம். குழந்தையோ நாயோ எடுத்து வாயில் போடாமல் இருக்கத்தான் இந்தக் கலப்பு. பேர் எழுதிய லேபிளைக் கிழித்துவிடுங்கள். பொதுவாக, கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுவது நல்லதல்ல, மருந்து நீர்நிலையில் கலக்கும்.

சமையலறையில் டப்பாக்களையும் மூடிகளையும் தரையில் பரப்பி ஜோடி சேருங்கள். ஜோடி கிடைக்காததெல்லாம் போகலாம். வருடத்துக்கு ஒரு முறைகூட எடுக்காத இயந்திரங்களும் அப்படியே. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

துணியும் செருப்பும்

துணிக்கு நான் சொல்லும் வழி சோம்பேறி வழி. அலமாரியில் உள்ள எல்லா ஹேங்கர்களையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். ஒரு துணியை உடுத்தித் துவைத்துத் திரும்ப மாட்டும்போது கொக்கியை வழக்கம்போல் உள்பக்கமாக மாட்டுங்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால் திரும்பாத கொக்கிகள் கதையைச் சொல்லிவிடும். பருவத்துக்கு ஏற்ற துணி என்றால் ஒரு முழு வருடம் காத்திருங்கள். பொறுமை இல்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுக்கிறீர்கள் என்றால் அந்தச் சட்டை போகலாம்.

செருப்பு, ஷூ விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விசேஷத்துக்கென்று நான் ஒரு ஷூவைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். ஏழெட்டு வருடத்தில் நாலைந்து முறை போட்டிருப்பேன். ஒரு திருமணத்துக்குக் கிளம்பும்போது எடுத்து மாட்டி, படி இறங்குவதற்குள் அடிப்பாகம் ரொட்டித்தூள் போல் உதிர ஆரம்பித்தது. படிக்கட்டு முழுக்கக் கறுப்புத் துகள். தயாரிப்புக் குறை என்றுதான் அன்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெதுவாகச் சிதையும். பெட்டியிலேயே வைத்திருந்தாலும் அது நிற்காது. எலாஸ்டிக், ரெக்சின், பிசின் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பத்திரப்படுத்தி வைத்தால் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பாதிப் பரண் நிறைந்திருக்கிறது. இன்று கொடுத்தால் ஒருவர் மூன்று வருடம் போடக்கூடிய ஷூ, வைத்திருந்தால் குப்பைக்குத்தான் போகும்.

பரண் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைக்காதீர்கள். அட்டையும் அதன் பசையும் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் சாப்பாடு. உத்தரவாதக் காலம் முடிந்த சாதனத்தின் பெட்டியை வைத்திருக்க நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

வயர், போன், பேட்டரி

இந்தப் பகுதியில் நிதானம் வேண்டும், அவசரப்பட்டால் ஆபத்தும் உண்டு.

வயர்களை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்தச் சாதனத்துக்கு என்று சொல்லிப் பாருங்கள். சாதனம் வீட்டில் இருந்தால் ஒரு துண்டு டேப்பில் பெயர் எழுதி வயரில் ஒட்டுங்கள். சாதனம் எது என்றே தெரியாவிட்டால் போகலாம். வேலை செய்யும் வயர் ஒவ்வொரு வகையிலும் ஒன்று கூடுதலாக இருந்தால் போதும்.

பழைய போன்கள் டிராயரில் தங்குவதற்குக் காரணம் பயம்தான். உள்ளே என்னென்னவோ இருக்கிறது, அழித்தால் எல்லாம் போய்விடுமோ, கொடுத்தால் யாராவது எடுத்துவிடுவார்களோ. வரிசையாகச் செய்தால் பயமில்லை. முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் பதிந்து, பதிந்தது திறக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உள்நுழையும்போது ஆறு இலக்க எண் கொடுக்கிற ஆதென்டிகேட்டர் செயலி அந்தப் போனில் இருந்தால் அதைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போனை அழித்த பிறகு மின்னஞ்சலுக்குள் நுழைய முடியாமல் நான் இரண்டு நாள் திண்டாடியிருக்கிறேன். அப்புறம் சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றுங்கள். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். கடைசியாகத்தான் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோவது. ஐபோனில் 2013 முதல், ஆண்ட்ராய்டில் 2015 முதல் திருட்டுக்கு எதிரான பூட்டு ஒன்று இருக்கிறது. கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், வாங்கியவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். தானமாகக் கொடுத்த போன் அவருக்குக் கல்லாகிவிடும்.

கணினியின் ஹார்ட் டிஸ்க் வேறு ரகம். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, மேலே வேறெதுவும் எழுதப்படும் வரை பழைய கோப்பு அங்கேயேதான் இருக்கும். முழு டிஸ்க்கையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை மட்டும் கொடுங்கள்.

பேட்டரிகளைக் குப்பையோடு போடாதீர்கள். போன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றிலும் உள்ள லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். குப்பை வண்டியில் நசுங்கத்தான் செய்யும். தனியாகக் கழற்றிய பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, அதைக் காத்திருக்க வைக்காமல் முதலில் அனுப்புங்கள். டிராயரின் மூலையில் உருளும் பொத்தான் பேட்டரிகளைக் கடைசி ஒன்று வரை பொறுக்குங்கள். குழந்தை அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சுருள் வடிவ சிஎஃப்எல் பல்புகளிலும் குழல்விளக்குகளிலும் பாதரசம் உண்டு, உடைக்காமல் கொடுக்க வேண்டும்.

காகிதம்

காகிதத்தைப் படிக்க உட்காராதீர்கள். முதல் சுற்றில் வெறும் மூன்று குவியல். என்றைக்கும் வைக்க வேண்டியவை: பிறப்பு, படிப்பு, திருமணம், சொத்து, ஓய்வூதியம், பெரிய சிகிச்சைகள் சம்பந்தமானவை. சில வருடம் வைக்க வேண்டியவை: வரி, கடன், காப்பீடு. எத்தனை வருடம் என்பதை உங்கள் நாட்டு வரிச் சட்டம் சொல்லும், அதைப் பார்த்து உறையின் மேல் அழிக்க வேண்டிய வருடத்தை இப்போதே எழுதிவிடுங்கள். மூன்றாவது குவியல் மற்றதெல்லாம். வீட்டில் உள்ள காகிதத்தில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேரும்.

கடை ரசீதுகளில் ஒரு வேடிக்கை உண்டு. பல ரசீதுகள் மையால் அச்சடித்தவை அல்ல. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள் அது, நாளாக நாளாக எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். உத்தரவாதத்துக்காக நான் கவனமாகச் சேர்த்துவைத்த ரசீதுகளில் பாதி வெற்றுத்தாள்களாக இருந்தன. தேவையான ரசீது என்றால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். கணக்கு எண், கையெழுத்து உள்ள தாள்களைக் கிழித்துப் போடுங்கள்.

புத்தகத்தைப் பற்றி எனக்கே தெளிவில்லாததால் அதிகம் பேசமாட்டேன். ஒரு அலமாரி என்று அளவு வைத்துக்கொண்டேன். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும். மனத்துக்குப் பிடித்த புத்தகங்களை இடப்பற்றாக்குறை காட்டி விரட்டாதீர்கள். படிக்கப்போவதாகப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவற்றில் தொடங்குங்கள்.

அடுத்தவர் பொருளில் கைவைக்காதீர்கள்

வேகம் பிடித்ததும் வரும் வியாதி இது. நம்முடையது காலியானதும் கண் பக்கத்து அலமாரிக்குப் போகும். அக்கா ஊருக்குப் போயிருந்தபோது அவள் அறையிலிருந்து நைந்துபோன ஒரு துணிப்பையை எடுத்து நான் குப்பையில் போட்டுவிட்டேன். வந்ததும் தேடினாள்.

"டேய், அந்த நீலப் பை எங்கே?"

"அது கிழிஞ்சு போயிருந்தது அக்கா, அதான்..."

"கிழிஞ்சது எனக்குத் தெரியாதா? நான் முதன்முதலா தைச்சது அதுதான்."

அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஒரு வருடம் நான் அவள் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, இதற்கு விதி ஒன்றே ஒன்றுதான்: உங்களுடையதை மட்டும் கழியுங்கள். பொதுச் சாமான் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகளின் பொம்மைகளை அவர்கள் தூங்கும்போது எடுக்காமல், இந்தக் கூடையில் அடங்குகிற அளவு நீயே தேர்ந்தெடு என்று விடுங்கள். நம்மைவிடச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். வயதானவர்களிடம், தூக்கிப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பொருளின் கதையைச் சொல்வார்கள், சொல்லி முடித்ததும் பெரும்பாலும் ஒரு பெயரும் வரும்.

நினைவுகள்

கடைசியாக இதற்கு வாருங்கள். அதற்குள் முடிவெடுத்துப் பழகியிருக்கும்.

அப்பா இறந்து இரண்டு வருடம் வரை அவருடைய கருவிப் பெட்டியை நான் திறக்கவில்லை. திறந்தபோது மரத்தூளும் எண்ணெயும் கலந்த அவர் கை வாசம் அப்படியே வந்தது. உள்ளே முப்பது நாற்பது கருவிகள். பாதி துருப்பிடித்தவை. எதைத் தொட்டாலும் அவர் கை தெரிந்தது. அன்றைக்கு மூடிவிட்டேன். ஒரு மாதம் கழித்து மறுபடி திறந்து, அளவுநாடாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு அங்குலம் தேய்ந்து எண்ணே தெரியாத அளவுநாடா. அதனால் அவர் எப்போதும் பத்திலிருந்து அளந்து பத்தைக் கழிப்பார். மற்ற கருவிகளைத் தச்சு வேலை பழகும் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். அளவுநாடா என் மேசை மேல் இருக்கிறது. பெட்டி முழுதாக இருந்தபோது அதை வருடத்துக்கு ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இறந்தவர் பொருள்களுக்கு அவசரம் காட்டாதீர்கள், மற்றவர்கள் அவசரப்படுத்தினாலும். வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்பது போன்ற நெருக்கடி இருந்தால், முக்கியமானதை ஒரு பெட்டியில் கட்டித் தள்ளிவைக்கலாம். நேரம் வரும்போது நல்லதாக ஓரிரண்டை எடுத்துக்கொண்டு, எடுத்ததைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

போட்டோக்களில் மங்கலானவை, ஒரே காட்சியின் நாலு பிரதிகள், எந்த இடம் என்றே தெரியாத இயற்கைக் காட்சிகள் எல்லாம் போகலாம். இருப்பவற்றைக் கணினியில் ஏற்றுவதானால் சாதாரண அளவுப் படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், சின்னப் படங்களை 600இல் ஸ்கேன் செய்யுங்கள். ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை, வேறோர் இடத்தில் இரண்டாவது இருக்க வேண்டும். பிசின் பூசிய பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய ஆல்பங்கள் இருந்தால் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். அந்தப் பிசின் மஞ்சளாகிப் படத்தைக் கெடுக்கும். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். பெயர்களைப் பின்னால் எழுதும் வேலையையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கொடுப்பதில் மரியாதை

கொடுப்பது என்பது நம் குப்பையை அடுத்தவர் தலையில் கட்டுவது அல்ல. துவைத்து, பொத்தான் தைத்து, ஜோடிகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். மின்சாதனம் என்றால் ஓடுகிறதா என்று பார்த்து வயரோடு கொடுங்கள். புதிர் விளையாட்டில் துண்டுகள் குறைந்தால் கொடுக்காதீர்கள். உங்கள் நண்பருக்கு அப்படியே கொடுக்கக் கூசினால் முன்பின் தெரியாதவருக்கும் கொடுக்க வேண்டாம். யாரும் வாங்காத பழைய துணி நாடு விட்டு நாடு போய், கடைசியில் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் மலை மலையாகக் கொட்டப்பட்டுக் கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்ததை வீட்டிலேயே துடைக்கும் துணியாக்கித் தீர்த்துவிடுவது மேல்.

சிலவற்றை நல்ல நிலையில் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. அடிபட்ட ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும், அடுத்த முறை தலையைக் காக்காது. காரில் குழந்தைக்குப் போடும் இருக்கைகள் பலவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் அடியிலோ பின்பக்கமோ அச்சிட்டிருக்கும். விபத்தில் சிக்கியதென்றால் தேதியைக்கூடப் பார்க்க வேண்டாம்.

எவ்வளவு செய்தும் நகரவில்லை, ஒரு காலி டப்பாவை விடுவதற்கே நெஞ்சு படபடக்கிறது, நடக்க வழியில்லாமல், அடுப்பைப் பயன்படுத்த முடியாமல் சாமான் சேர்ந்திருக்கிறது என்றால் அது சோம்பலோ ஒழுங்கின்மையோ அல்ல. பொருள்களை விட முடியாமல் சேர்ப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனி நோயாகவே பட்டியலிட்டது. சிகிச்சை உண்டு. மற்றவர்கள் ஒரே நாளில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது அவருக்கு உதவாது, திரும்பவும் சேரும், நம்பிக்கையும் உடைந்துபோகும். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முடிந்த பிறகு

காலியான தட்டு காலியாகவே இருக்கட்டும். அங்கே எதையாவது வைக்கத் தோன்றும், ஒரு மாதம் அடக்கிக்கொள்ளுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை நிரந்தரமாகத் தொங்கட்டும், போக வேண்டியது கண்ணில் பட்டால் அதில் போடுங்கள், நிறைந்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வாங்குவதில் நான் வைத்திருக்கும் பழக்கம், பிடித்ததை ஒரு தாளில் எழுதி 30 நாள் விட்டுவிடுவது. அப்போதும் வேண்டும் என்றால் வாங்குவேன். தாளில் பாதிக்கு மேல் என்ன எழுதினேன் என்பதே எனக்குப் புரிவதில்லை.

கொடுத்த பிறகு வருந்தினீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். வருந்தினேன், ஒரே ஒரு முறை. அப்பாவின் பெட்டியிலிருந்த நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர். அதைக் கொடுத்து மூன்று வாரத்தில் கதவுக் கீல் கழன்றது. பக்கத்து வீட்டு மணியை அடித்து ஒன்று கேட்டு வாங்கி, திருகிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஐந்து வருடப் பக்கத்து வீடு, அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போனேன். அவர் வீட்டு நடையில் மூன்று மூட்டைகள் இருந்தன.